ஒரே ஒரு பெல்லட் ஸ்டவ்வில் வீடு முழுக்கக் கதகதப்பு: நியூ ஹாம்ப்ஷயர் குளிர்காலங்கள் கற்றுக்கொடுத்தவை

நியூ ஹாம்ப்ஷயரின் தெற்கே, மாசசூசெட்ஸ் எல்லைக்குக் கொஞ்சம் மேலே எங்கள் வீடு. 1980களில் கட்டியது. கீழ்த்தளம், மேல்தளம், அடியில் ஒரு பேஸ்மென்ட், எல்லாமாக 1,800 சதுர அடிக்குப் பக்கம். எங்கள் தெருவுக்கு கேஸ் லைன் வரவில்லை. இந்தப் பக்கம் அப்படிப்பட்ட தெருக்கள்தான் அதிகம். அங்கெல்லாம் பேஸ்மென்டில் 275 காலன் எண்ணெய்த் தொட்டி, பக்கத்தில் பாய்லர், அதிலிருந்து சுவரோரமாக ஓடும் வெந்நீர்க் குழாய்கள். இதுதான் ஏற்பாடு.

2022-இல் ஹீட்டிங் ஆயில் காலனுக்கு 5 டாலரைத் தாண்டியது. ஒருமுறை தொட்டியை நிரப்பினால் ஆயிரம் டாலருக்கு மேல் போனது. நாங்கள் அதற்குச் சில வருஷம் முன்பே ஹாலில், மரத்தூள் குச்சிகளை எரிக்கும் பெல்லட் ஸ்டவ் வைத்துவிட்டோம். அந்த வருஷத்திலிருந்து இங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலரும் எங்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "ஒரு ஸ்டவ் வீடு முழுக்கத் தாங்குமா?"

தாங்கும். ஆனால் பெரிய ஸ்டவ்வாகப் பார்த்து வாங்கினால் தாங்கிவிடும் என்று நினைக்காதீர்கள். ஸ்டவ் சூடாக்குவது அது நிற்கிற அறையை மட்டும்தான். அந்தச் சூடு மற்ற அறைகளுக்குப் போவதும் போகாததும் காற்று சுற்றி வர நீங்கள் வைத்திருக்கும் வழியைப் பொறுத்தது. இந்தக் கட்டுரையில் பெரும்பகுதி அதைப் பற்றித்தான்.

முதலில் கணக்கு. பெல்லட் என்பது மரத்தூளை அழுத்திச் செய்த, சுமார் 6 மில்லிமீட்டர் தடிமனுள்ள சிறு குச்சிகள். பசை எதுவும் சேர்ப்பதில்லை. மரத்திலேயே இருக்கும் லிக்னின் அழுத்தத்தின் சூட்டில் இளகி, ஆறும்போது இறுகிக்கொள்கிறது. 40 பவுண்டு மூட்டையாக விற்கிறார்கள், அதாவது 18 கிலோ. 50 மூட்டை சேர்ந்தால் ஒரு அமெரிக்க டன், சுமார் 907 கிலோ. ஒரு டன் பெல்லட் தரும் வெப்பம் ஏறக்குறைய 120 காலன் ஹீட்டிங் ஆயிலுக்குச் சமம். ஆகவே டன் விலையை 120-ஆல் வகுத்துப் பாருங்கள். டன் 360 டாலர் என்றால் 3 டாலர் வரும். உங்கள் ஊரில் எண்ணெய் அதற்கு மேல் விற்றால் பெல்லட் லாபம், கீழே இறங்கினால் எண்ணெய்தான் மலிவு. இதில் மின்சாரச் செலவும் உங்கள் முதுகு படும் பாடும் சேரவில்லை. வீட்டுக்கு இயற்கை எரிவாயு வருகிறது என்றால், பணத்துக்காக மட்டும் இதில் இறங்க வேண்டாம் என்றே சொல்வேன்.

ஸ்டவ் வேலை செய்யும் விதம் எளிமையானது. மேலே ஹாப்பரில் பெல்லட்டைக் கொட்டுகிறோம். ஆகர் என்ற திருகு சுழன்று, கொஞ்சம் கொஞ்சமாக அதை எரிகலத்தில் போடுகிறது. ஒரு ஃபேன் எரிவதற்கான காற்றை இழுத்து, புகையைக் குழாய் வழியாக வெளியே தள்ளுகிறது. இன்னொரு ஃபேன் அறைக் காற்றைச் சூடான உலோகக் குழாய்களின் மேல் ஓட்டி முன்னால் விடுகிறது. நடுத்தர வேகத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு நாளைக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை மூட்டை ஆகும். முழு வேகத்தில் மூன்று மூட்டைகூடத் தின்னும். இங்கே ஒரு குளிர்காலத்துக்கு மூன்றிலிருந்து ஐந்து டன் வரை ஆகும் வீடுகளே அதிகம்.

சரி, காற்றுக்கு வருவோம்.

ஸ்டவ் வைத்த புதிதில் ஹால் 25 டிகிரி செல்சியஸில் இருக்கும், வீட்டின் மறுகோடியில் உள்ள அறை 15-இல் நிற்கும். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, ஸ்டவ்வுக்குப் பக்கத்தில் ஒரு ஃபேனை வைத்துச் சூட்டை அந்த அறைப் பக்கம் தள்ளலாம் என்பதுதான். அதில் பெரிய பலன் கிடைக்காது.

அந்தக் குளிர்காலத்தில் மாமனார் கோயம்புத்தூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஸ்டவ்வையும் வாசற்படிகளையும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்: "அம்மிணி, சூட்டுக் காத்து மேல போறது இருக்கட்டும். குளுந்த காத்து கீழ திரும்பி வரோணுமல்ல? அதுக்கு எங்க வழி வெச்சிருக்கீங்க?"

மில்லில் பதமான காற்றை மேலே டக்ட் வழியாக விடுவார்களாம். திரும்பும் காற்றைத் தரைக்கு அடியில் வெட்டிய கால்வாய் வழியாக இழுத்துக்கொள்வார்களாம். திரும்பும் வழி அடைத்துக்கொண்டால், மேலே எவ்வளவு பெரிய ஃபேன் ஓடினாலும் கோடியில் இருக்கிற மெஷினுக்குக் காற்று சேராது என்றார். வீட்டிலும் அதே விஷயம்தான். ஒரு அறைக்குள் சூடான காற்று நுழைய வேண்டுமென்றால், அங்கே ஏற்கனவே இருக்கும் குளிர்ந்த காற்று வெளியேறியாக வேண்டும்.

பூஜை அலமாரியிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துக் கொளுத்தி, ஹாலுக்கும் பின்னறைக்கும் நடுவில் இருக்கும் வாசலில் பிடித்துப் பார்த்தோம். தலைக்கு மேலே பிடித்தால் புகை பின்னறைக்குள் சாய்ந்தது. இடுப்பு உயரத்துக்கு இறக்கினால் எந்தப் பக்கமும் சாயாமல் நின்றது. கணுக்காலுக்குக் கொண்டுவந்தால் திரும்பி ஸ்டவ்வை நோக்கி ஓடியது. ஒரே வாசலில் இரண்டு ஓட்டம்: மேலே சூடு உள்ளே போகிறது, கீழே குளிர் வெளியே வருகிறது. உங்கள் வீட்டில் ஒவ்வொரு வாசலிலும் இதைச் செய்து பாருங்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம், காற்றோட்டம் கண்ணுக்குத் தெரிந்துவிடும். புகை நகராமல் நிற்கும் வாசல்தான் பிரச்சினையுள்ள வாசல்.

அடுத்து செய்ததுதான் எல்லாவற்றையும் மாற்றியது. ஒரு சின்ன டேபிள் ஃபேனைப் பின்னறையின் வாசலில் தரையில் வைத்து, முகத்தை ஸ்டவ் பக்கம் திருப்பி, மிகக் குறைந்த வேகத்தில் விட்டோம். குளிர்ந்த காற்று கனமானது, தரையோடு படிந்து கிடப்பது. அதே ஃபேன் சூடான காற்றைத் தள்ளுவதைவிட இதை அதிகமாக நகர்த்தும். தானாக ஓடும் ஓட்டத்துக்கு எதிராகப் போகாமல் அதோடு சேர்ந்து தள்ளுகிறது. போன காற்றின் இடத்தை நிரப்ப, மேலே இருந்து சூடான காற்று தானாக உள்ளே வருகிறது. ஒரு மணி நேரத்துக்குள் பின்னறை மூன்று டிகிரி ஏறியது. ஹால் கொஞ்சம் இறங்கி, உட்காருவதற்கு இதமாக ஆனது. வேகத்தைக் கூட்டாதீர்கள். கூட்டினால் இரண்டு ஓட்டமும் கலந்து, கால் ஜில்லென்று ஆகும், சூடு நகராது.

மேல்தளம் வேறு கதை. மாடிப்படி ஒரு புகைபோக்கி வேலையைத் தானே செய்துவிடும். படியின் நடுவே சூடு ஏறும், படிகளை ஒட்டிக் குளிர் இறங்கும். கடைசிப் படியில் வெறும் காலோடு நின்றால் அது விரல்களில் படுவது தெரியும். அந்த இறக்கத்துக்குத் தடையாக ஷூ ஸ்டாண்டோ பெட்டிகளோ இருந்தால் எடுத்துவிடுங்கள். படுக்கையறைக் கதவுகள் திறந்திருக்கும்வரை மேலே 18, 19 டிகிரி நிற்கும். மூடினால் இறங்கிவிடும். ஆனால் தூங்கும்போது கதவை மூடிக்கொள்ளச் சொல்லித்தான் இங்கே தீயணைப்புத் துறையினர் அறிவுறுத்துகிறார்கள், தீ பிடித்தால் மூடிய கதவு தப்பிக்க நேரம் தரும் என்பதால். எங்கள் முடிவு: இரவில் கதவுகள் மூடியிருக்கும், மேல்தளத்தை மட்டும் பாய்லர் 16 டிகிரிக்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளும். நாலு டாலர் எண்ணெயை மிச்சம் பிடிக்கப் பிள்ளைகளின் பாதுகாப்பை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. சிலர் தரையில் ஓட்டை போட்டுக் கம்பிவலை பதித்துச் சூட்டை மேலே விடுகிறார்கள். அந்த ஓட்டை தீக்கும் வழிதான். போடுவதாக இருந்தால், சூடு ஏறினால் உருகும் இணைப்போடு தானே மூடிக்கொள்ளும் டாம்பர் என்ற தடுப்பு வைத்து, ஊர்த் தீயணைப்புத் துறையைக் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இன்னொரு காற்றும் இருக்கிறது, பலர் கவனிக்காதது. எரிவதற்கு ஸ்டவ் இழுக்கும் காற்று வீட்டுக்குள்ளிருந்து போனால், அதே அளவு வெளிக்காற்று ஜன்னல் இடுக்கு, கதவிடுக்கு வழியாக உள்ளே வரும். ஸ்டவ்வில் நாம் சூடாக்கிய காற்றையே புகைக்குழாயில் விட்டுவிட்டு, பூஜ்யத்துக்குக் கீழே இருக்கிற காற்றை உள்ளே அழைக்கிறோம். ஸ்டவ் பொருத்தும்போதே வெளியிலிருந்து நேராகக் காற்றெடுக்கும் தனிக் குழாயைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். பின்னால் போடுவதைவிட அப்போது போடுவது சுலபம். கூரைக்கு அடியிலுள்ள அட்டிக்கில் இன்சுலேஷன் குறைவாக இருந்தால், அதைச் சரி செய்யாமல் பெரிய ஸ்டவ் வாங்குவது வீண். நியூ ஹாம்ப்ஷயரில் இருப்பவர்கள் என்ஹெச் சேவ்ஸ் திட்டத்தில் வீட்டை ஆய்வு செய்யச் சொல்லலாம், இடுக்கு அடைப்பதற்கும் இன்சுலேஷனுக்கும் உதவித்தொகை உண்டு.

அப்புறம் அந்த 2023 பிப்ரவரிக் குளிர். 3-ஆம் தேதி இரவு மவுன்ட் வாஷிங்டன் உச்சியில் மைனஸ் 44 டிகிரி. காற்றையும் சேர்த்துக் கணக்கிட்டால் மைனஸ் 78. மறுநாள் காலை பாஸ்டனிலேயே மைனஸ் 23. எங்கள் ஸ்டவ் இரவு முழுக்க முழு வேகத்தில் ஓடியது. ஆனாலும் பின்னறை விடியும்வரை இறங்கிக்கொண்டேதான் இருந்தது. அது ஸ்டவ்வின் குறை அல்ல. வருஷத்தில் நாலைந்து இரவுகளுக்காக அதைவிடப் பெரிய ஸ்டவ் வாங்கினால், மற்ற நாளெல்லாம் அது மிகக் குறைந்த வேகத்தில் கரியும் புகையுமாக எரியும். அந்த நாலைந்து இரவுகளுக்குப் பாய்லர் இருக்கட்டும்.

பாய்லரை மறந்தே போனவர்களுக்கு வரும் ஆபத்து வேறு. பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் ஸ்டவ் அருமையாக ஓடியது. பாய்லரின் தெர்மோஸ்டாட் ஸ்டவ் இருக்கும் அறையிலேயே இருந்தது. அறை எப்போதும் சூடு, ஆகவே தெர்மோஸ்டாட் பாய்லரைக் கூப்பிடவே இல்லை. வெளிச்சுவரை ஒட்டி ஓடும் குழாயில் தண்ணீர் நகராமல் நின்று, உறைந்து, செம்புக் குழாய் பிளந்தது. உறைந்திருக்கும்வரை ஒன்றும் தெரியாது, இளகும்போதுதான் சமையலறை மிதக்கும். பேஸ்மென்டும் அப்படித்தான். பாய்லர் ஓடும்போது வீணாகும் சூடுதான் அதை இத்தனை நாள் காத்து வந்திருக்கும். பாய்லர் ஓய்ந்தால் அங்கிருக்கும் தண்ணீர்க் குழாய்களும் ஆபத்தில்தான். தெர்மோஸ்டாட்டை வீட்டின் குளிரான அறைக்கு மாற்றுங்கள். முடியாவிட்டால், நேரம் குறித்து இயங்கும் தெர்மோஸ்டாட் வைத்து, அதிகாலையில் சில டிகிரி ஏற்றிவிட்டு இறக்குங்கள். பதினைந்து நிமிடம் வெந்நீர் சுற்றி வந்தால் போதும். எண்ணெய் கொஞ்சம்தான் செலவாகும், ஆனால் குழாய் பிழைக்கும். பெல்லட் ஸ்டவ் வாங்கப்போகிறேன் என்று யார் சொன்னாலும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மின்சாரம் போனால் ஸ்டவ் நின்றுவிடும். இது விறகடுப்பு அல்ல. ஓடும்போது 100 வாட் அளவுக்கும், பற்றவைக்கும் சில நிமிடங்கள் 300, 400 வாட் வரைக்கும் எடுக்கும். கரன்ட் போன நொடியில் இரண்டு ஃபேனும் நிற்கும், கலத்தில் தீ இன்னும் எரிந்துகொண்டிருக்கும், புகைக்குத் தள்ளும் விசை இருக்காது. குழாய் செங்குத்தாகக் கொஞ்சம் உயரம் ஏறி வெளியே போனால் புகை தானாக மேலே இழுபடும். சுவர் வழியாக நேரே வெளியே போகும் குழாயென்றால் வீட்டுக்குள் கசியும். ஒரு யூபிஎஸ் வைத்தால் ஸ்டவ் ஒழுங்காக அணைந்து ஆறும்வரைக்காவது ஃபேன் ஓடும். பேட்டரியோ இன்வெர்ட்டரோ எதுவானாலும், வீட்டு மின்சாரம் போலவே சீரான அலையாகக் கரன்ட் தரும் ப்யூர் சைன் வேவ் வகையாகப் பாருங்கள். 2008 டிசம்பர் பனிக்கட்டி மழையில் நியூ ஹாம்ப்ஷயரில் நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் இருண்டன. சில இடங்களில் இரண்டு வாரம்வரை ஆயிற்று என்று இங்குள்ள பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். அப்படி நீண்ட வெட்டுக்கு ஜெனரேட்டர்தான். அதை வீட்டுக்கு வெளியே, ஜன்னல்களுக்குத் தள்ளி வைத்தே ஓட்ட வேண்டும்.

பெல்லட் வாங்குவதைப் பற்றி. எல்லாப் பெல்லட்டும் ஒன்றல்ல. பிரீமியம் தரத்தில் சாம்பல் ஒரு சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அரை சதவீதம் என்றால் டன்னுக்கு நாலரை கிலோ சாம்பல், ஒரு சதவீதம் என்றால் ஒன்பது. சுத்தம் செய்யும் வேலை அப்படியே இரட்டிப்பாகும். பைன் போன்ற மென்மரப் பெல்லட் சாம்பல் குறைவாக, சூடு அதிகமாகத் தரும். ஸ்டவ்வுக்கு ஆகாது என்ற பேச்சு விறகடுப்புக் காலத்துப் பழக்கம், பெல்லட்டுக்குப் பொருந்தாது. மரப்பட்டை அதிகம் கலந்ததில் மணல் சத்து இருக்கும். அது உருகி எரிகலத்தில் கல்லாக இறுகி, காற்றுத் துளைகளை அடைக்கும். ஆகவே ஒரேயடியாக மூன்று டன் வாங்குவதற்கு முன், இரண்டு மூன்று பிராண்டில் சில மூட்டைகள் வாங்கி எரித்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். கோடையிலேயே ஆர்டர் கொடுங்கள். பிப்ரவரியில் கடைகளில் ஸ்டாக் இல்லாமல் போன வருஷங்கள் உண்டு.

ஈரம்தான் பெல்லட்டின் எதிரி. ஒரு குச்சியை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முதலில் பளபளப்புப் போகும், பக்கவாட்டில் செதில் செதிலாக வெடிக்கும், சில நிமிடங்களில் டம்ளரின் அடியில் வெறும் மரத்தூள் கிடக்கும். ஒருமுறை ஒரு கடையிலிருந்து பேலட்டில், அதாவது மரச்சட்டத்தின் மேல் அடுக்கி வந்த அடி மூட்டைகள் எல்லாமே இப்படி ஊறிப் போயிருந்தன. அதிலிருந்து, லாரி நிற்கும்போதே அடி வரிசையைக் கையால் அழுத்திப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுகிறோம். மூட்டையில் காற்றுப் போகச் சிறு துளைகள் இருக்கும், அதனால் சிமென்ட் தரையில் நேரடியாக வைக்காமல் பலகை மேல் அடுக்குங்கள்.

தினசரி வேலை சில நிமிடம்தான்: ஸ்டவ் ஆறியிருக்கும்போது எரிகலத்தைச் சுரண்டி, துளைகள் திறந்திருக்கின்றனவா என்று பார்ப்பது. தீயைப் பார்த்தே நிலைமை தெரியும். நல்ல தீ வெள்ளை கலந்த மஞ்சளாக, குட்டையாக, துடிப்பாக நிற்கும். ஆரஞ்சு நிறத்தில் நெட்டையாக, நுனியில் கரியோடு சோம்பலாக ஆடினால் காற்றுப் போதவில்லை. கலம் அடைத்திருக்கும், அல்லது கதவைச் சுற்றியுள்ள கண்ணாடியிழைக் கயிறு தேய்ந்திருக்கும். ஒரு டாலர் நோட்டைக் கதவிடுக்கில் வைத்துப் பூட்டி இழுங்கள். சுலபமாக உருவிக்கொண்டு வந்தால் கயிற்றை மாற்ற வேண்டும்.

சாம்பலுக்கு சாதாரண வேக்யூம் கிளீனர் கூடாது. நுண்சாம்பல் அதன் வடிகட்டியைத் தாண்டி வீடெல்லாம் பரவும், உள்ளே ஒரு கங்கு போய்விட்டால் வேக்யூமே எரியும். சாம்பலுக்கென்றே உலோக வேக்யூம் விற்கிறார்கள். அள்ளிய சாம்பல் மூடியுள்ள இரும்பு வாளியில், வீட்டுக்கு வெளியே, மரப்படிக்கட்டில் வைக்காமல். ஆறிவிட்டது என்று தோன்றும் சாம்பலுக்குள் கங்கு நாள்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

சத்தத்தையும் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள். மாமா ஊருக்குக் கிளம்புவதற்கு முன், ஒரு நீள ஸ்க்ரூடிரைவரின் முனையைப் புகை ஃபேன் மோட்டாரின் கூட்டில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக் கேட்டார். "பேரிங் போகுதுங் கண்ணு, இன்னொரு மாசம் தாங்கும்" என்றார். எனக்கும் கேட்கக் கொடுத்தார். சீரான இரைச்சலுக்கு அடியில் ஒரு கரகரப்பு. நின்றுபோன பிறகு பார்ட் தேடினால் நடுக்குளிரில் பல நாள் காத்திருக்க நேரும், நாங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே வாங்கி மாற்றினோம். பற்றவைக்கும் இக்னைட்டரும் அடிக்கடி பழுதாகும் பாகம். அதை ஒன்று கையிருப்பில் வையுங்கள். அடிக்கடி பற்றவைத்து அது சீக்கிரம் பழுதாகாமலிருக்க, ஆன்–ஆஃப் முறையைவிட, தேவையில்லாதபோது தீயைத் தாழ்த்தி வைக்கும் முறையில் தெர்மோஸ்டாட்டை அமையுங்கள்.

மற்றவை சுருக்கமாக. பொருத்துவதற்கு ஊர் நிர்வாகத்தின் அனுமதி வேண்டும், இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தளத்திலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம். நார்ஈஸ்டர் புயலில் பனி குவியும்போது வெளிச்சுவரில் புகை வெளியேறும் வாயையும் காற்றெடுக்கும் வாயையும் போய்ப் பார்த்து, சுற்றியுள்ள பனியை அள்ளுங்கள். ஒருமுறை அள்ளினால் போதாது, புயல் ஓயும்வரை.

சீசன் முடிந்ததும் ஹாப்பரைக் காலியாகும்வரை எரித்துவிடுங்கள். மிச்சம் விட்டால் கோடைப் புழுக்கத்தில் ஊறி, ஆகரில் இறுகிவிடும். புகைக்குழாயைத் துலக்கி, ஃபேன் இறக்கைகளில் படிந்த சாம்பலைத் துடைத்து, கதவுக் கயிற்றையும் அப்போதே மாற்றிவிடலாம். இதையெல்லாம் மே மாதத்துக்குள் முடித்துவிடுங்கள். செப்டம்பர் பிறந்துவிட்டால் ஸ்டவ் சர்வீஸ் செய்பவரைப் பிடிக்க வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.